அக்கா போட்ட வாசல்

எதிர்வீட்டு அக்காவோடு சண்டை போடுவதற்காகத்தான் முதன்முதலில் அவள் வீட்டுக்குப் போனேன்.

கல்யாணமாகி, மானாம்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊருக்கு நான் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. தெருவில் காயப்போட்டிருந்த எங்கள் நெல்லை எதிர்வீட்டுக் கோழிகள் கிளறி இறைத்துவிட்டன. மாமியாருக்கு முழங்கால் வலி. அதனால் என்னை அனுப்பினார். “நறுக்குன்னு நாலு வார்த்த கேட்டுட்டு வா. புதுசா வந்த பொண்ணுதானேன்னு எளக்காரமா நெனச்சிடப் போறா” என்றார். தெருவைத் தாண்டுவதற்குள் அந்த நாலு வார்த்தையையும் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன்.

அக்கா கட்டிலுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். “உங்க கோயிங்க எங்க நெல்ல...” என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வந்தியா கண்ணு, இத்தப் புடி” என்று கயிற்றின் முனையை என் கையில் கொடுத்தாள். “கெட்டியா இயுத்துப் புடி. வுட்டா அல்லாம் தளந்துடும்.”

இழுத்துப் பிடித்தேன். விட்டால் அவள் பின்னியதெல்லாம் வீணாகிவிடும் என்பதால் விடவும் முடியவில்லை. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் போனோம். நடுவில் என் அம்மா வீடு எது, எனக்கு என்ன சமைக்கத் தெரியும், வெயிலில் தலை வலிக்குமா என்றெல்லாம் கேட்டாள். நானும் பதில் சொன்னேன். கட்டில் பின்னி முடிந்ததும் அதன்மேல் என்னைக் குந்தவைத்து மோர் கொடுத்தாள். உள்ளங்கை சிவந்துபோய் வீடு திரும்பினேன்.

“கேட்டியா?” என்றார் மாமியார்.

“கட்டில் பின்னியாச்சு அத்த” என்றேன்.

மாமியார் என் சிவந்த கையைப் பார்த்துவிட்டு, முழங்கால் வலியையும் மறந்து சிரித்தார். “உன்னையுமா?”

அக்காவின் குணம் அது. அவள் எதிரில் யாருடைய கையும் வெறுமனே இருக்க முடியாது. சண்டைக்கு வந்தவரோ, ஆறுதல் சொல்ல வந்தவரோ, பத்திரிகை வைக்க வந்தவரோ, எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான். இத்தப் புடி. அந்தக் குரலில் அதிகாரம் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. நாம் அதற்காகவே வந்திருக்கிறோம் என்று அவள் நம்புவதுபோல் இருக்கும். கை தானாக நீளும்.

ஒருமுறை தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு ஒருவர் பட்டாளத்தோடு வந்தார். கும்பிட்ட கையோடு அவர் நின்றபோது அக்கா வைக்கோல் போருக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தாள். “நல்ல நேரத்துல வந்தீங்க. அந்தப் பக்கத்து மொனையப் புடிங்க, மய வர மாரி கீது.” அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கோஷம் போட வந்தவர்கள் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டார்கள். போர் மூடி முடிந்ததும் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தெருமுனை வரை போன பிறகுதான் ஓட்டுக் கேட்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்து, திரும்பி நடந்து வந்து கேட்டார்.

சிரிப்பதற்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. எனக்கு வயிற்றில் தங்கிய முதல் கரு கலைந்துபோனபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. வருகிறவர்களெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள், அடுத்தது நிற்கும் என்றார்கள். அக்கா வந்தாள். ஒரு மூட்டையைப் பாயில் அவிழ்த்துக் கொட்டினாள். எல்லாம் ஆம்பளைச் சட்டைகள். அவள் அப்போது வாலாஜாபாத் ரோட்டில், வாசலில் பதிக்கிற பேவர் பிளாக் கல் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே வேலை செய்கிற பெண்கள் சிமெண்ட் படாமலிருக்கப் புடவைக்கு மேலே போட்டுக்கொள்கிற சட்டைகள் அவை. பித்தான் போனது, அக்குள் கிழிந்தது, காலர் பிய்ந்தது.

“உனுக்குத் தைக்கத் தெரியும்னியே. இத்தப் புடி. நாளைக்கு அதுங்களுக்குப் போட்டுக்கச் சட்ட வாணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று நினைத்தேன். ஆனால் யாரோ ஒருத்தி நாளைக்குக் கிழிந்த சட்டையோடு கல் தூக்குவாளே என்ற நினைப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. எழுந்து ஊசியில் நூல் கோத்தேன். அன்று எழுந்தவள்தான். பிறகு தையல் மிஷின் வாங்கி, அதைத் தெருவைப் பார்த்த ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தேன். அதனால்தான் எதிர்வீட்டில் நடந்ததையெல்லாம் நான் பார்க்க நேர்ந்தது.

எதிரே இரண்டு வீடுகள், ஒரே சுவரை நடுவில் வைத்து ஒட்டிக் கட்டியவை. ஒன்றில் அக்காவும் அவள் வீட்டுக்காரரும். மற்றதில் அவருடைய தம்பியும் தம்பி பெண்டாட்டியும். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து இரண்டு வீட்டுக்கும் முன்னால் ஒரே வீச்சில் காங்கிரீட் போட்டிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே தளம். சாயங்காலம் நாலு பேரும் அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் கழனியில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. உடலை வேனிலிருந்து இறக்கியபோது தெருவே அழுதது. தம்பிக்கு அண்ணன் என்றால் உயிர். சுவரில் மடேர் மடேரென்று தலையை முட்டிக்கொண்டான். அக்கா அழவில்லை. அவனிடம் போய்த் தோளைத் தொட்டாள்.

“வா. உங்கண்ணன் காலச் சேத்துப் புடி, கட்டணும்.”

அவன் வந்து பிடித்தான். அவள் கால் விரல்களைச் சேர்த்துக் கட்டினாள். அப்புறம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். பந்தலுக்குக் கழி, விறகு, ஆட்களுக்குச் சொல்லி அனுப்புவது என்று எடுக்கும் வரைக்கும் அவனை உட்கார விடவில்லை. அவளும் உட்காரவில்லை. கூட்டத்தில் ஒருத்தி, “புருசன் செத்த வூட்லயும் வேல வாங்கறா பாரு, கல்லு மனசுக்காரி” என்றாள். எனக்கும் அன்று அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது. மனுஷிக்கு இப்படி ஒரு திடம் இருக்குமா, இருந்தால் அது நல்லதுதானா என்று புரியவில்லை.

காரியம் முடிந்த கொஞ்ச நாளிலேயே தம்பி மாறிப்போனான். தளத்தில் தன் பங்கு எதுவரைக்கும் என்று ஒரு பேச்சைக் கிளப்பினான். சுவருக்கு நேராகக் கோடு போட்டால் பாதிப் பாதி வரும். ஆனால் சிமெண்டும் ஜல்லியும் தான் கொண்டுவந்தது, தனக்கு அதிகம் வரவேண்டும் என்றான். அக்கா, “எடுத்துக்கயேன்” என்றாள். அதற்கும் கோபப்பட்டான். என்னதான் வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. நேரில் வந்து பேசவும் மாட்டான். அவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு எங்கள் வீட்டைப் பார்த்துச் சொல்வான், அது அக்காவின் காதில் விழும். கிட்டே போய்ப் பேசேன் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, “கிட்டப் போனா அண்ணி எதுனா கையில குடுத்துடும்பா. அப்பறம் எங்கேந்து சண்ட போட்றது?” என்றானாம்.

பேச்சு நின்றுபோனது. ஓரகத்திகள் இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் வாசல் பெருக்கினார்கள். அவரவர் வீட்டுக்கு முன்னால் பெருக்கிவிட்டு, நடுவில் ஒரு பட்டையை விட்டுவிடுவார்கள். அதைப் பெருக்கினால் அது தனக்குச் சொந்தம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். பெருக்காமல், தேய்க்காமல் அந்த இடம் கிடந்தது. காங்கிரீட் அங்கேதான் கொஞ்சம் உள்வாங்கியும் இருந்தது. மழைக்குத் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்தது. வருஷத்துக்கு வருஷம் பச்சை தடித்துக்கொண்டே போனது. ஜன்னலிலிருந்து பார்த்தால் வாசலுக்கு நடுவே யாரோ கரும்பச்சைத் துணியை விரித்துவைத்த மாதிரி இருக்கும்.

ஒரு ஐப்பசி மழையில் தம்பி பெண்டாட்டி பால் பாத்திரத்தோடு வெளியே வந்தவள், தூறலுக்கு ஒதுங்கி நடந்து அந்தப் பாசியில் கால் வைத்துவிட்டாள். விழுந்த சத்தம் எனக்கு மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் எழுவதற்குள் அக்கா ஓடிவந்து அவள் தலையை மடியில் எடுத்துவைத்திருந்தாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. தம்பி வாலாஜாபாத்தில் ரைஸ்மில்லுக்கு வேலைக்குப் போயிருந்தான்.

“கண்ணு, உன் ஸ்கேல எட்தா!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். துணி அளக்கும் மரஸ்கேலைக் கொண்டு ஓடினேன். அதைக் கைக்கு அடியில் வைத்து, தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். “இத்தப் புடி. ஆடாமப் புடி.” ஷேர் ஆட்டோவில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அக்கா ஓரகத்தியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளம் வரும்போதும் டிரைவரிடம், “மெதுவாப்பா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அத்தனை வருஷம் பேசாதவள் வலியில், “அக்கா, அக்கா” என்று முனகினாள். “கீறேன். இங்கதான் கீறேன்” என்றாள் அக்கா.

மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பி வந்த அன்று சாயங்காலம் அக்கா அந்தப் பாசிக்கு எதிரே நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஊர் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குதிகாலால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, “ஒடச்சிட்டுப் புதுசாப் போட்டுடலாம்மா” என்றார்.

“ஒடைக்க வாணாம். ஒடைக்கிறதுன்னா எங்கேந்து எதுவரைக்கும்னு கேள்வி வரும். அடியில நல்லாத்தான கீது? அதும் மேலயே கல்லு பதிச்சிடலாம்.”

“கம்பெனிக் கல்லா?”

“ஆமா. நான் அச்சுலேந்து தட்டி எடுக்குற கல்லுதான்.”

அவள் வேலை செய்கிற இடத்தில் நிறம் சரியாக ஏறாத கற்களை ஓரமாக அடுக்கியிருப்பார்கள். முதலாளியிடம் கேட்டு வாங்கிவிட்டாள். ஒரு காலையில் டிராக்டர் வந்து சிவப்பும் சாம்பலுமாகக் கற்களை இறக்கியது. அக்கா முதலில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, கம்பி பிரஷ்ஷால் அந்தப் பச்சையைத் தேய்த்தாள். பாசி போக மறுத்தது. தேய்த்துக் கழுவி, கழுவித் தேய்த்து, கீழே வெள்ளையாகக் காங்கிரீட் தெரிகிற வரைக்கும் விடவில்லை. உள்வாங்கிய இடத்தைச் சிமெண்ட் கலவை போட்டு நிரவினாள்.

தெரு கூடிவிட்டது. எல்லோரும் அவளை எச்சரிக்கத்தான் வந்தார்கள். கொழுந்தன் வந்தால் ரகளையாகும், போலீஸ் வரைக்கும் போகும், ஏன் உனக்கு இந்தப் பேஜாரு என்றார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எச்சரிக்க வந்தவர்களில் ஒருத்தர் கல்லுடைத்த தூளான கிரஷர் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தர் கல்லை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் ஒயரிங் வேலை செய்கிறவர். “தண்ணி கல்லு இடுக்குல எறங்கினா, அடியில காங்கிரீட்தான கீது? எங்க போவும்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். “அதான் நானும் யோசிச்சிக்கினு கீறேன். உன் ஒயரிங் பைப்ப துண்டு போடு. ஓரத்துக் கல்லுக்கு அடியில வெச்சித் தெருப்பக்கம் வுட்டுடலாம்” என்றாள். அவர் குந்தி உட்கார்ந்து பைப் அறுக்க ஆரம்பித்தார். என் மாமியார்கூட ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கல்லில் ஒட்டிய பிசிறைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

தெருவோரக் கற்களைச் சிமெண்ட் வைத்துப் பதித்து, மண்ணை மெலிதாகப் பரப்பி, தண்ணீர் ஓடும்படி தெருப்பக்கம் வாட்டம் கொடுத்துச் சமன் செய்தாகிவிட்டது. முதல் வரிசைக்கு நூல் கட்டவேண்டும். நூலின் ஒரு முனையைத் தெருவோரத்தில் ஆணியடித்துக் கட்டிவிட்டு, மறுமுனையைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோகும்போதுதான் தம்பி வந்தான். யாரோ மில்லுக்குப் போன் போட்டிருந்தார்கள். பைக்கை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான்.

“யாரக் கேட்டுக்கினு என் வாசல்ல கல்லு எறக்குன?”

சலித்த கை, அறுத்த கை, சுரண்டிய கை எல்லாம் நின்றன. அக்கா மட்டும் குத்துக்காலிட்டபடியே நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நூலு தொங்குது. அந்த மொனையப் புடி” என்றாள்.

“நான் இன்னா கேக்குறேன், நீ இன்னா சொல்ற?”

“புடிச்சிக்கினே கேளு. நான் எங்கயும் போவல.”

அவன் சுற்றிலும் எங்களையெல்லாம் பார்த்தான். மாவுக்கட்டுக் கையோடு தன் வாசலில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அவனையே பார்த்தாள். அவன் குனிந்தான். நூலை எடுத்துவிட்டான்.

“எங்கப் புடிக்கணும்?”

“உனுக்கு எது நாயம்னு படுதோ, அங்கப் புடி.”

இப்படி ஒரு வார்த்தையை அவள் சொல்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மேஸ்திரி, “ஏம்மா...” என்று வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். தம்பி நூலை இழுத்தான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தாண்டி, அக்காவின் வாசற்படிக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் வைத்தான். வைத்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லவேண்டும் என்றுதான் அவன் காத்திருந்தான். அவ்வளவு வருஷமாகவே அதற்காகத்தான் காத்திருந்தான் போலிருக்கிறது.

“கெட்டியாப் புடி” என்றாள் அக்கா. அவன் காட்டிய கோட்டை ஒட்டி முதல் கல்லை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டினாள். அடுத்த கல்லை வைத்தாள். அதற்கடுத்த கல்லை வைத்தாள்.

“அன்னிக்கும் இப்டித்தான்” என்றான் அவன். குரல் வேறாகிவிட்டிருந்தது. “எங்கண்ணனக் கொண்ணாந்து எறக்குறாங்க. எனுக்கு நெஞ்சு வெடிக்குது. நீ காலப் புடின்ற. தண்ணி கொண்டான்ற. வெறகு எட்தான்ற. சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் எனுக்கு வேல. ஒரு தபா வாயத் தொறந்து என்ன அய வுட்டியா அண்ணி நீ?”

அக்காவின் கை நின்றது. அவள் கை நின்று நான் பார்த்ததில்லை. சுத்தியைக் கீழே வைத்தாள்.

“செவுத்துல தலைய முட்டிக்கினு இருந்தடா நீ. நெத்தியில ரத்தம். உங்கண்ணன் போய்ட்டாரு. நீயும் போய்ட்டன்னா நான் யார வெச்சிக்கினு இருக்கறது? எனுக்கு வேற இன்னா சொல்லணும்னு தெர்ல. எதுனா கையில குடுத்தா ஆளு நிக்கும்னு மட்டும்தான் தெரியும்.” நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “தப்புதான். உன்ன அய வுட்டிருக்கணும்.”

அவன் நூலைப் பிடித்தபடியே அழுதான். பெரிய உடம்புக்காரன், மூட்டை தூக்குகிறவன். உதட்டைக் கடித்துக்கொண்டு, தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அழுதான். நூல் அவன் கையிலிருந்து தெருவோரத்து ஆணி வரைக்கும் நடுங்கியது. அக்கா எதையும் எடுத்து அவனிடம் கொடுக்கவில்லை. எதையும் செய்யச் சொல்லவில்லை. அவன் அழுது முடிகிற வரைக்கும் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். விரல்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தன.

வெகுநேரம் கழித்து அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நூலைப் பார்த்தான்.

“இது கோணையா கீது அண்ணி” என்றான். நூலை எடுத்து, சுவருக்கு நேராகக் கொண்டுவந்து வைத்துப் பிடித்தான்.

“கோணதான்” என்றாள் அக்கா. பதித்த கற்களைப் பெயர்த்தெடுத்து, புதிய கோட்டில் வைத்தாள். “ஆனா இது எல்லைக்குக் கட்ற நூலு இல்லடா. மொத வரிச நேரா வரணுமே, அதுக்கு. ரெண்டு வரிச வெச்சிட்டு அவுத்துடுவேன்.”

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் சிவப்புக் கல்லை எடுத்து நூலுக்கு அந்தப் பக்கமும், சாம்பல் கல்லை இந்தப் பக்கமும் பல்லோடு பல் பொருந்துகிற மாதிரி கோத்து வைத்துக் காட்டினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, பழைய தளம் எவ்வளவோ அவ்வளவுக்கும் ஒரே பின்னலாகப் போகப்போகிறது. எங்கே பிரிக்கிறது என்று பிற்பாடு ஒருவர் தேடினாலும் கிடைக்காது. அப்போதுதான் எனக்கும் அது புரிந்தது. உடைக்க வேண்டாம் என்று அவள் சொன்னதற்கு அர்த்தமும் புரிந்தது.

அவன் சட்டையைக் கழற்றித் தன் வீட்டு ஜன்னலில் போட்டான். அப்புறம் அக்கா ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மில்லில் மூட்டை சுமக்கிற தோளில் கற்களை அடுக்கிக் கொண்டுவந்து இறக்கினான். வேலை அவன் வீட்டுக்கு முன்னால் வந்தபோது ஒரு சிக்கல் வந்தது. பேச்சு நின்ற பிறகு அவன் தன் வாசலுக்கு ஒரு இரும்பு கிரில் கேட் போட்டிருந்தான். அது வெளிப்பக்கம் திறக்கும். கல் பதித்தால் கேட் இடிக்கும். மேஸ்திரி, கேட் திறக்கிற அளவுக்கு மட்டும் கல்லை விட்டுவிடலாம் என்றார். தம்பி பெண்டாட்டி வாசலிலிருந்தே, “கேட்டக் கயட்டிப் போடு. அது இருந்து இன்னா ஆவுது” என்றாள். அவனும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து அதைக் கீலிலிருந்து தூக்கிக் கழற்றினார்கள்.

பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. கடைசியாக மண்ணைத் தூவி, கல் இடுக்குகளில் இறங்கும்படி பெருக்கினார்கள். பெருக்கியது இரண்டு ஓரகத்திகளும்தான். ஒருத்திக்கு ஒரு கைதான், மற்றது மாவுக்கட்டில். எங்கிருந்து எதுவரைக்கும் யார் பெருக்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

பிறகு எங்கள் வீட்டுக்காரருக்கு வேலை வாலாஜாபாத்துப் பக்கமே அதிகம் வந்ததால் நாங்களும் இங்கே வந்துவிட்டோம். என் மிஷினும் இங்கே ஒரு ஜன்னலோரம்தான் இருக்கிறது. பிறகு பிறந்த பையன் படிக்கிறான். அக்கா அங்கேதான் இருக்கிறாள், கல் கம்பெனிக்கு இன்னும் போகிறாள் என்று மாமியார் போனில் சொல்வார். நான் பல ஊர்களைப் பார்த்துவிட்டேன், பல மனிதர்களுக்குத் துணி தைத்துவிட்டேன். கோட்டை எதிராளியின் கையிலேயே கொடுத்துவிட்டு, நீ எங்கே வைத்தாலும் அங்கே நான் கல் வைக்கிறேன் என்று உட்கார்ந்த ஒருத்தரை இன்னும் பார்க்கவில்லை. அது தெரிந்து செய்ததா, அவள் சுபாவமே அதுதானா என்று இன்றுவரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. அன்று அங்கே கல் பதித்த வாரமே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக் கொட்டியது. தண்ணீர் புதுக்கல்லின் மேல் தேங்கி நிற்பது போலிருந்தது. அக்கா தன் வாசற்படியில் வந்து நின்றாள். அவள் முகத்தில் கலக்கத்தை அன்றுதான் பார்த்தேன். அடியில் இருக்கிறது பழைய காங்கிரீட். தண்ணீர் போக வழியில்லாவிட்டால் மண் கரைந்து, கல்லெல்லாம் ஆடிப்போகும். தம்பியும் தன் வாசற்படிக்கு வந்தான். இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்தார்கள்.

அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினான். தெருவோரத்தில் போய்க் குந்தி, என் வீட்டுக்காரர் வைத்த பைப் துண்டுகளுக்கு நேராகக் குனிந்து பார்த்தான். ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தான். இல்லை என்று தலையாட்டினான். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் எழவில்லை. மழை முதுகில் அடித்தது. கன்னத்தைத் தரையோடு வைத்து இன்னும் தாழ்ந்து பார்த்தான்.

திடீரென்று ஒரு சத்தம் போட்டான். “அண்ணி, வருது! வந்துட்ச்சி!”

ஒரு பைப்பிலிருந்து மண் கலங்கலாக, கயிறு மாதிரி தண்ணீர் வெளியே வந்தது. அப்புறம் அடுத்ததிலிருந்து. அப்புறம் வரிசையாக எல்லாவற்றிலிருந்தும். கல்லின் மேல் நின்ற தண்ணீர் இடுக்குகளில் உள்வாங்கி இறங்கியது. அவன் இரண்டு கையிலும் அந்தக் கலங்கல் தண்ணீரை ஏந்தி, எழுந்து நின்று அக்காவுக்குக் காட்டினான். அவன் பெண்டாட்டி கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு வீட்டிலிருந்து இறங்கி, அந்த ஈரக் கல்மேல் நிதானமாக நடந்து அக்காவிடம் வந்தாள்.

நான் மிஷினை நிறுத்தினேன். குடையைத் தேடவில்லை. அப்படியே மழையில் இறங்கித் தெருவைத் தாண்டினேன்.